விண்வெளி நிலையம் அனுப்பும் படத்தைப் பிள்ளைகளே பிடிக்கட்டும்

அறிவியலில் ஆர்வம் வரவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறோம். அதோடு ஒருமுறை வானத்தையும் கேட்க வையுங்கள்.

தரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் ரேடியோ (ஆர்வலர்கள் பொழுதுபோக்காகப் பயன்படுத்தும் வானொலி) இருக்கிறது. சில நாட்களில் அதிலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக அனுப்புவார்கள். தேதிகளை, நிலையத்தின் அமெச்சூர் ரேடியோவைக் கவனிக்கும் அரிஸ் (ARISS) அமைப்பு முன்கூட்டியே அறிவிக்கும். இதைக் கேட்க, ரேடியோ அலைகளைப் பிடித்துத் தரும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (RTL-SDR) டாங்கிள் என்ற சிறு கருவியைக் கணினியில் செருகி, ஓர் ஆன்டெனாவை இணைத்தால் போதும். கேட்கும் ஒலியின் பக்கத்தில் போனில் ஒலியைப் படமாக மாற்றும் ரோபோட்36 (Robot36) செயலியைத் திறந்து வைத்தால், திரையில் வரிவரியாகப் படம் விரியும். அந்த இரண்டு நிமிடமும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்!

ஆன்டெனாவைக் கடையில் வாங்காதீர்கள், பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள். 300-ஐ 145.8-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.06 மீட்டர். அதில் கால் பங்கு, கொஞ்சம் குறைத்து 49 செ.மீ. அந்த அளவில் இரண்டு கம்பிகளை வெட்டி, 'வி' வடிவில் விரித்து, ஒன்றை, டாங்கிளுக்குச் செல்லும் கோஆக்சியல் கேபிளின் (டிவி கேபிள் போன்றது) நடுக்கம்பியிலும் மற்றதை அதைச் சுற்றியுள்ள மேல்வலையிலும் இணைத்தால் போதும். மொட்டைமாடிதான் நல்ல இடம்.

நிலையம் நெருங்கும்போது அதிர்வெண் சற்றுக் கூடுதலாகவும், விலகும்போது குறைவாகவும் தெரியும். டாப்ளர் விளைவு எனப்படும் இந்த மாற்றம் கணினித் திரையில் கண்ணெதிரே வளைந்த கோடாக ஓடும். "ஏன் வளைகிறது?" என்று பிள்ளை கேட்கும்வரை விளக்கம் சொல்லாதீர்கள்.

கேட்பதோடு நில்லாமல் ரேடியோவில் பேசவும் ஆசை வந்துவிட்டதா? இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் தேர்வெழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் பெறலாம்.