காருக்கு அடியில் படுக்காமல் எஞ்சின் ஆயில் மாற்ற

ஆயில் உறிஞ்சும் பம்ப் இருந்தால், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருக்கும் குழாய் வழியாகவே பழைய ஆயிலை எடுத்துவிடலாம். முதலில் எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்து, 10 நிமிடம் பொறுங்கள். ஆறிய ஆயில் கெட்டியாக இருப்பதால் ஏறாது. கொதிக்கும் ஆயிலில் பிளாஸ்டிக் டியூப் இளகிவிடும், கையும் சுடும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து, டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, பம்ப்பின் டியூபை அந்தக் குழாய்க்குள் எஞ்சினின் அடி தட்டும்வரை இறக்குங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். தட்டிய பிறகும் அழுத்தினால் நுனி வளைந்து மேலே எழும்பும். அடியில் அரை லிட்டர், ஒரு லிட்டர்கூடத் தங்கிவிடும். தட்டியதும் நிறுத்துங்கள். கொரகொரவென்று காற்று இழுக்கும் சத்தம் வந்தால் டியூபைச் சற்றுத் தூக்கி, திருப்பி, மறுபடி இறக்கிப் பாருங்கள்.

வந்த அளவைக் கட்டாயம் பாருங்கள். கையேட்டில் 3.5 லிட்டர் என்றிருக்க 2.7தான் வந்ததென்றால், டியூப் அடியைத் தொடவில்லை, அல்லது முன்பே ஆயில் குறைந்திருக்கிறது. டிப்ஸ்டிக் குழாய் அடிவரை போகாத எஞ்சின்களும் உண்டு. அவற்றுக்கு, எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்க இருக்கும் போல்ட்டைக் கழற்றுவதே சரி.

ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். திருகும் வகையென்றால் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்; இருந்தால் ஆயில் பீய்ச்சும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே இறுக்குங்கள்.

கையேட்டில் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைத்துப் புது ஆயிலை ஊற்றி, மூடியை மூடி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். 5 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டவே கொட்டாதீர்கள். கேனில் அடைத்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.