தாழ்ப்பாள் கீறல்களைப் படிப்பது: செட்டிநாட்டுக் கதவு வாங்குவோருக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு வாங்க வருகிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், செதுக்கு வேலையைத் தடவிப் பார்ப்பார்கள். கதவோடு வரும் தாழ்ப்பாளையும் நாதாங்கியையும் திருகாணியையும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரும்பைத் தொட்ட கருவி ஒவ்வொன்றும் தனக்கே உரிய கீறலை விட்டுவிட்டுத்தான் போகும். அதைப் படிக்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீறலைப் பார்த்து ஒரு பொருள் பழசு என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்று ஒரு கொல்லர் அரம் போட்டாலும், நூறு வருஷத்துக்கு முன் போட்டாலும் தடம் ஒன்றுதான். "இது அந்தக் காலத்தில் செய்ததாக இருக்கவே முடியாது" என்பதைத்தான் கீறல் உறுதியாகச் சொல்லும். வாங்குகிறவருக்கு அதுவே பெரிய உதவி.

தேவையானவை: சின்ன டார்ச், 10 மடங்கு லென்ஸ், இரும்பு ஸ்கேல், பட்டர் பேப்பர், மெல்லிய பென்சில், கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் கிட்டவே வரக்கூடாது. ஒரு தடவை தேய்த்தால் பழைய கீறல் போய் உங்கள் கீறல்தான் மிஞ்சும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் அழுக்கை மட்டும் எடுத்து, துணியால் ஒற்றிக் காயவிடுங்கள்.

டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. இரும்பின் மேல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, 10 முதல் 15 பாகைச் சாய்வில் பிடித்து, சுற்றிலும் மெதுவாக நகர்த்த வேண்டும். கீறலுக்குக் குறுக்கே வெளிச்சம் விழும்போதுதான் அது எழுந்து நிற்கும். பட்டர் பேப்பரை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுத்தால் தடம் பதிவாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பார்க்கலாம்.

கையால் அரம் போட்ட முகத்தில் கீறல்கள் சாய்வாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, இடைவெளி ஒழுங்கில்லாமல் கிடக்கும். விளிம்புப் பக்கம் முகம் லேசாகச் சரிந்திருக்கும். தள்ளும்போது கை ஆடுவதால் வருவது அது. கடைசியில் அரத்தைக் குறுக்காகப் பிடித்து நீளவாக்கில் இழுத்திருந்தால், மெல்லிய கோடுகள் கம்பியின் நீளத்துக்கு ஓடும். அதற்கு அடியில் சுத்தியல் அடித்த ஆழமில்லாத பள்ளங்கள் அங்கங்கே மிச்சமிருந்தால் அது உலையில் அடித்த வேலை.

ஷேப்பர் மெஷினில், அதாவது உளி முன்னும் பின்னும் ஓடி இரும்பைச் சீவும் எந்திரத்தில், சீவியது வேறு மாதிரி. கோடுகள் நேராக, சம இடைவெளியில், ஏர் ஓட்டிய வயல் மாதிரி இருக்கும். பத்து மில்லிமீட்டருக்கு எத்தனை கோடு என்று எண்ணினால், உளி ஒவ்வொரு வெட்டுக்கும் எவ்வளவு நகர்ந்தது என்று கிடைக்கும்: 20 கோடு என்றால் அரை மில்லிமீட்டர். மில்லிங் கட்டர் (சுழன்று வெட்டும் பல் சக்கரம்) தன் முகத்தால் வெட்டினால் வில் வளைவுகள் வரும். வளைவு ஒரு திசையில் மட்டும் இருந்தால் கட்டர் மயிரிழை சாய்ந்திருந்தது என்று அர்த்தம். லேத்தில் கடைந்த குமிழில் சுற்றுக்கோடுகள் இருக்கும், முனையில் சென்டர் குழியும் (கடையும்போது தாங்கிப் பிடிக்கப் போட்ட சின்னக் குழி) இருக்கலாம். கோட்டுக்குக் குறுக்கே அலை அலையாகத் தெரிந்தால் உளி அதிகம் நீட்டிக்கொண்டு அதிர்ந்திருக்கிறது. ஆங்கிள் கிரைண்டர் பட்டதோ கண்ணுக்கே தெரியும்: சொரசொரப்பான அரைவட்டக் கீறல், ஓரத்தில் சூடேறிய நீலம் அல்லது பழுப்பு.

எதன் மேல் எது ஓடுகிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் சாரம். மேலே போகும் கோடு பிந்தியது. துருக்குழியை வெட்டிக்கொண்டு ஒரு கீறல் போனால் துருவுக்குப் பிறகு யாரோ தேய்த்திருக்கிறார்கள். கீறலுக்குள்ளேயே துரு ஊறியிருந்தால் கீறல் முந்தியது.

தேய்மானத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தாழ்ப்பாளைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். வளையத்தில் உரசி ஓடும் இடத்தில் மட்டும் அரத்தடம் அழிந்து, ஓடும் திசையிலேயே நீளமான பளபளப்பு இருக்கும். தகட்டுக்குள் மறைந்த பாகத்தில் பழைய அரத்தடம் அன்று போட்டது போல இருக்கும். கை படும் குமிழ் வழவழப்பாகி, அதன் கழுத்து இடுக்கில் மட்டும் கீறல் மிஞ்சியிருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கி, ஒரே நிறத்தில் துருப்பிடித்திருந்தால் அது பழசு போலக் காட்ட ஆசிட் போட்ட வேலையாக இருக்கலாம்; நம்பி விலை பேசாதீர்கள்.

திருகாணிதான் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி. கூட்டல் குறி வெட்டுள்ள தலை 1930களில் வந்தது. 1900இல் கட்டிய வீட்டின் வளவுக் (உள்முற்றம்) கதவில் அது இருந்தால் பின்னால் மாட்டியது. நுனி கூரான திருகாணியை எந்திரத்தில் செய்யும் முறை 1840களில் வந்து, 1854 முதல் இங்கிலாந்தில் பர்மிங்காம் பகுதியில் நெட்டில்போல்டு நிறுவனம் பெருமளவில் செய்தது. நம் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை என்பதால் கூர் நுனி இயல்பே. மொட்டை நுனியும் மையம் தப்பிய வெட்டும் கைவேலையைக் காட்டும்.

நட்டு போல்ட் இருந்தால் மரையை எண்ணுங்கள். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல மரை அரை அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 12, கால் அங்குலத்தில் 20. மெட்ரிக் எம் 12இல் (12 மி.மீ. தண்டு) அங்குலத்துக்குச் சுமார் 14½, எம் 6இல் 25க்கு மேல். 3/8 அங்குலமும் எம் 10ம்தான் ஏமாற்றும்: ஒரு அங்குலத்தில் 16க்கும் 17க்கும் கண் தடுமாறும், அதனால் இரண்டு அங்குலம் எண்ணுங்கள், 32, அல்லது கிட்டத்தட்ட 34 வரும். மெட்ரிக் அளவு இந்தியாவில் 1956 எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு, 1958 தொடங்கி 1962க்குள் புழக்கத்துக்கு வந்தது. மெட்ரிக் மரை இருந்தால் அந்தப் பாகம் பழைய வீட்டோடு பிறந்ததில்லை. விட்வொர்த் இருந்தால் மட்டும் பழசாகிவிடாது. அதற்குப் பிறகும் அது வெகுகாலம் ஓடியது.

மரத்தையும் விடவேண்டாம். கதவின் பின்புறம், இழைக்காத இடத்தில் டார்ச் அடியுங்கள். ஆள் இழுத்த ரம்பத்தின் கோடு நேராக, ஆனால் சாய்வு மாறி மாறி இருக்கும். வட்ட ரம்பம் வில் வளைவு விடும். வளைவின் இரு முனைக்கு நடுவே 300 மி.மீ., நடுவில் எழும்பல் 25 மி.மீ. என்றால்: 300ஐ 300ஆல் பெருக்கி, எட்டு மடங்கு 25ஆல் வகுத்தால் 450, அதோடு 25இல் பாதியைக் கூட்டினால் ஆரம் 462½ மி.மீ. விட்டம் அதில் இரண்டு மடங்கு, 925 மி.மீ.; அதாவது சுமார் 36 அங்குல விட்டமுள்ள ரம்பம்.

கடைசியாக, காணாமல்போன நாதாங்கியைப் புதிதாகச் செய்யக் கொடுக்கும்போது உலையில் அடித்து அரம் போடச் சொல்லுங்கள், கிரைண்டர் வேண்டாம். மறைந்த முகத்தில் எண் பஞ்ச்சால் அந்த வருஷத்தை அடித்துத் தரச் சொல்லுங்கள். நமக்குப் பின்னால் டார்ச் பிடிக்கப் போகிறவர் ஏமாறக் கூடாது.