ரண்டோரி: ஜூடோவில் முதல் முறை மோதிப் பழகுவது எப்படி?

ஜூடோ வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் ஆனதும் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். ஜோடியின் காலைப் பின்னாலிருந்து வாரி மல்லாக்க வீழ்த்தும் ஓசோடோகாரி என்ற எறிதல் நன்றாக வருகிறது. ஜோடி அசையாமல் நின்றால் அழகாக விழுகிறார். அதே ஆளிடம், "விழாமல் நில், முடிந்தால் என்னையும் வீழ்த்து" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் உள்ளே வரும்போதே அவர் கையை விறைத்துத் தடுப்பார், வலது காலைப் பின்னால் எடுத்துவிடுவார். நீங்கள் ஒற்றைக் காலில், உடம்பு பின்பக்கம் சாய்ந்தபடி நிற்பீர்கள். கொஞ்சம் பழகியவராக இருந்தால், உங்கள் ஓசோடோகாரியை உங்களுக்கே திருப்பிப் போட்டுவிடுவார்.

அசைவு தெரிந்தால் மட்டும் போதாது, எதிர்க்கிற உடம்பின் மேல் அதைச் செய்யத் தெரிய வேண்டும். அதற்கான பயிற்சிதான் ரண்டோரி. இருவரும் தாக்கலாம், இருவரும் தடுக்கலாம், அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவின் ஏய்ஷோஜி கோயிலில் கோடோகான் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் மரபுகளில் கற்றவர் அவர். அடி, குத்து போன்ற ஆபத்தான அசைவுகளைக் கட்டா என்ற ஒத்திகைப் பயிற்சிக்குள் வைத்துவிட்டு, எறிதல், அமுக்கிப் பிடித்தல் போன்றவற்றை ரண்டோரிக்கு விட்டார். எதையெல்லாம் விலக்கினாரோ, அதனால்தான் மிச்சமுள்ளதை முழு பலத்தோடு, நாள்தோறும், பெரிய காயமில்லாமல் செய்ய முடிகிறது. பாதி வேகத்தில் பழகிய பயங்கரமான அசைவைவிட, முழு வேகத்தில் ஆயிரம் முறை பழகிய சாதாரண எறிதல் எத்தனையோ மடங்கு நம்பகமானது. இந்த வழி இன்றும் தொடர்கிறது. 1980-ல் ஜப்பானிய ஜூடோ வீரர் யாசுஹிரோ யமாஷிதாவின் கால் எலும்பை முறித்த, கால்களால் கத்தரி போலப் பின்னி வீழ்த்தும் கனிபசாமி என்ற எறிதல், பிறகு போட்டிகளிலேயே தடை செய்யப்பட்டது.

சரி, எப்படித் தொடங்குவது?

முதல் படி: விழப் பழகுங்கள்

இதில் அவசரமே கூடாது. பின்பக்கம் விழும்போது மோவாயை மார்போடு ஒட்டி, கண்ணை உங்கள் பெல்ட் முடிச்சில் வையுங்கள். கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கையோடு முழுக் கையும் மேட்டில் (தரையில் விரித்த பயிற்சி மெத்தையில்) படும்படி அடியுங்கள். கையைப் பின்னால் ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். புதியவர்களுக்கு ஓசோடோகாரி ஆபத்தாவது பின்மண்டை மேட்டில் மோதுவதால்தான். மோதியபின் தலைவலி, தலைசுற்றல், வாந்தி எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. உடனே மருத்துவரிடம் போங்கள். யாராவது திடீரென இழுத்துப் போட்டாலும் யோசிக்காமல் மோவாய் உள்ளே போகிறதா? அதுவரை நின்றபடி ரண்டோரி வேண்டாம்.

இரண்டாம் படி: தரையில் தொடங்குங்கள்

விழும் பயம் இல்லாததால் முதல் மோதலுக்குத் தரைதான் நல்ல இடம். இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருங்கள். கோச் சொன்னதும் திரும்பிப் பிடியுங்கள். ஒரே ஒரு பிடி போதும், கெசாகடாமே. மல்லாந்திருப்பவரின் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் கழுத்தைச் சுற்றி, மறு கையால் அவர் கையை இழுத்து உங்கள் அக்குளில் இறுக்கி, கால்களை அகல விரியுங்கள். போட்டியில் இப்படி 20 விநாடி அமுக்கினால் இப்போன், அதாவது முழு வெற்றி. ஒத்துழைக்கும் ஜோடி மேல் இது சுலபம். அவர் இடுப்பைத் தூக்கித் திமிறி, உங்கள் காலைத் தன் கால்களால் சிக்க வைக்கப் பார்க்கும்போதுதான் எடையை எங்கே வைக்க வேண்டும் என்று உடம்புக்குப் புரியும்.

வலித்தாலோ மூச்சு முட்டினாலோ ஜோடியின் உடம்பிலோ மேட்டிலோ இரண்டு முறை தட்டுங்கள். கை மாட்டிக்கொண்டால் குரல் கொடுங்கள். தட்டு விழுந்த நொடியே விட வேண்டும். கழுத்து நெரிப்பும் கைப்பூட்டும் கோச் அனுமதித்த பிறகுதான். இன்றைய விதிப்படி பூட்ட அனுமதி உள்ள ஒரே மூட்டு முழங்கை.

மூன்றாம் படி: ஒருவர் மட்டும் தாக்குவது

இதற்குக் ககாரிகெய்கோ என்று பெயர். ஜோடி நடப்பார், விலகுவார், தடுப்பார், ஆனால் திருப்பித் தாக்க மாட்டார். நான் மிகவும் மதிக்கிற பயிற்சி இது. பல வகுப்புகளில் இதைத் தாண்டிக் குதித்து நேரே முழு மோதலுக்குப் போய்விடுகிறார்கள். அதில் புதியவர்கள் கற்பது தடுக்க மட்டுமே.

தேஆஷிபராய் என்ற காலடி வாரலை இங்கே முயன்று பாருங்கள். ஜோடி ஒரு காலை முன்னால் வைக்கிறார். கால் தரையைத் தொட்டுவிட்டது, எடை இன்னும் முழுதாக இறங்கவில்லை. அந்த இடைவெளியில் உங்கள் உள்ளங்காலால் அவர் கணுக்காலைப் பக்கவாட்டில் வாரி, அதே நேரம் சட்டைக் கையைக் கீழே இழுக்க வேண்டும். சரியாக அமைந்தால் வாழைப்பழத் தோலில் கால் வைத்தவர் போலச் சறுக்கிவிடுவார். பலமே தேவைப்படாது. கொஞ்சம் தாமதித்தால் தூணை உதைத்தது போல உங்கள் கால்தான் வலிக்கும். நின்றுகொண்டிருக்கிற ஆளிடம் இந்த நேரக்கணக்கைக் கற்கவே முடியாது, ஏனென்றால் அவர் எடை மாறுவதே இல்லை.

நான்காம் படி: முழு ரண்டோரி

முதல் சில வாரங்கள் அனுபவம் உள்ள சீனியரோடு மட்டும் செய்யுங்கள். எப்போது விட வேண்டும், எப்படி இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு புதியவர்கள் வீம்புக்கு மோதுவதுதான் மேட்டில் மிக ஆபத்தான காட்சி.

வலக்கை பழக்கம் உள்ளவர் என்றால் இடக்கையால் அவர் சட்டைக் கையையும், வலக்கையால் காலரையும் பிடியுங்கள். நிமிர்ந்து நில்லுங்கள், முழங்கை தளர்வாக இருக்கட்டும். கையை நீட்டி விறைத்துக்கொண்டால் நீங்கள் விழமாட்டீர்கள்தான். ஆனால் யாரையும் வீழ்த்தவும் மாட்டீர்கள், அவர் எடை எங்கே போகிறது என்பதும் கைக்குத் தெரியாது. விழுவதற்குச் சம்மதித்து விளையாடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு எறிதலை மனதில் வைத்து, சுற்று முடிவதற்குள் அதை நிஜமாக முயன்றுவிடுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். களைத்துப்போன புதியவர் மோவாயை உள்ளே இழுக்க மறந்துவிடுவார்.

நீங்கள் எறியும்போது அவர் சட்டைக் கையை விடாமல் மேலே இழுத்துப் பிடித்திருங்கள். அவர் பக்கவாட்டில் பத்திரமாக விழ அதுதான் உதவும். அவர் மேல் விழாதீர்கள்.

சுற்று முடிந்ததும் வணங்கிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். "அண்ணா, என் இழுப்பு எப்போதாவது உங்கள் நிலையைக் கலைத்ததா?" என்று கேளுங்கள். "இரண்டாவது முறை இழுத்தபோது குதிகாலுக்குப் போனேன், நீ கால் வைக்கத் தாமதித்துவிட்டாய்" என்பது போல ஒரு பதில் வரும். அடுத்த வகுப்பில் உச்சிகோமி, அதாவது எறியாமல் உள்ளே நுழைவதை மட்டும் பழகும் பயிற்சி செய்யும்போது, ஜோடியை ஓர் அடி பின்னால் நடக்கச் சொல்லி, அந்தக் கால் வைப்பை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு அதே சீனியரிடம் போய் இன்னொரு சுற்று கேளுங்கள்.