லயத்துப் படியிலிருந்து வெளிநாட்டு அறை வரை: முதுகுப் பையா, உருட்டுப் பெட்டியா?

முதல் தடவையாக வெளிநாடு போகிறவர் பை வாங்கக் கடைக்குள் நுழையும்போது மனதில் இருப்பது கட்டுநாயக்க விமான நிலையத்தின் வழுவழுப்பான தரை. அங்கே எந்தப் பெட்டியும் உருளும், தள்ளுவண்டியும் கிடைக்கும். மலையகத்திலிருந்து கிளம்புகிறவருடைய பைக்கோ அதற்குப் பல மணி நேரம் முன்பே சோதனை தொடங்கிவிடுகிறது. மேட்டு லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) படிகள், தேயிலை மலைக்கு நடுவே இறங்கும் குறுக்குப் பாதை, கல் பெயர்ந்த தோட்டத்து ரோடு, ஆட்டோ, கொழும்பு பஸ், பிறகு புறக்கோட்டைச் சனநெருக்கடியில் விமான நிலையத்துக்குப் போகும் 187 இலக்க பஸ் நிற்கும் இடம் வரை நடை. போய்ச் சேரும் நாட்டிலும் தங்குமிடத்து வாசலில் படியோ மணலோ இருக்கும். இந்த வழியில் ஆக மோசமான துண்டு எது, அங்கே சாமானைத் தூக்கப் போவது யார் என்பதைப் பார்த்துத்தான் பையைத் தெரிவு செய்ய வேண்டும்.

கடைக்குப் போகுமுன் டிக்கட்டை எடுத்துப் பாருங்கள். பயணப் பொதி என்ற இடத்தில் 30 கே (30K) என்றிருந்தால் மொத்தம் 30 கிலோ. வளைகுடா நாடுகளுக்கான டிக்கட்டுகள் பல இப்படித்தான் இருக்கும். அந்த எடையை இரண்டு பைகளாகப் பிரித்துக் கொடுக்கப் பெரும்பாலும் விடுவார்கள். டிக்கட் போட்டவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 1 பிசி (1PC), 2 பிசி (2PC) என்றிருந்தால் பைகளின் எண்ணிக்கைதான் கணக்கு. கனடா, அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்த முறை. ஒரு பைக்கு வழக்கமாக 23 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் நிற்க வேண்டும். எந்த முறையானாலும் 32 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பையை ஏற்க மாட்டார்கள். கையோடு கொண்டுபோகும் பைக்குப் பல விமான நிறுவனங்கள் தருவது 7 கிலோ.

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில். 30 கிலோ இருக்கிறதே என்று 28 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கி அத்தனையையும் அதற்குள்ளேயே அடைத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி வெறுமையாகவே 4, 5 கிலோ இருக்கும். நிரப்பிய பிறகு ஒருவரால் படியில் இறக்க முடியாது, பஸ்ஸில் ஏற்றவும் முடியாது. அதே எடையை 15 கிலோ வீதம் இரண்டு பைகளாக்கினால் ஆளுக்கொன்றாகத் தூக்கிவிடலாம்.

உருட்டுப் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது சில்லு. நாலு சில்லுப் பெட்டி கடைத் தரையில் விரலால் தள்ளினாலே ஓடும். ஆனால் அதன் சிறிய சில்லுகள் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரோட்டில் ஒரு கல்லில் இடறினால் முழு எடையும் ஒரு மெல்லிய அச்சில் இறங்கி, அது முறிந்துவிடும். பஸ்ஸின் நடைவழியில் நிறுத்தினால் கினிகத்தேன, கித்துல்கல வளைவுகளில் தானாக ஓடும். படுக்க வைத்தால்தான் நிற்கும். இரண்டு சில்லுப் பெட்டியில் சில்லுகள் மூலைக்குள் பாதி புதைந்திருக்கும், அச்சும் நிலையானது. சாய்த்து இழுக்கும்போது கையில் கொஞ்சம் பாரம் விழும், அது உண்மை. ஆனாலும் தோட்டத்து ரோட்டுக்கு இதுதான் சரி. சில்லின் விட்டம் 7 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். ஆணி அடித்துப் பொருத்தியதை விட ஸ்குரூ போட்டது நல்லது, பழுதானால் கழற்றி மாற்றலாம். இழுக்கும் கைபிடியை முழு உயரத்துக்கு இழுத்து ஆட்டிப் பாருங்கள்; கடையிலேயே தளதளவென்று ஆடுவது சுமையோடு வளைந்துபோகும். மேலே உள்ள பிடி தவிர பக்கத்திலும் ஒரு பிடி இருக்கட்டும். பஸ்ஸில் ஏற்றும்போது கை தேடுவது அதைத்தான்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய சொந்தக்காரரின் பெட்டியை வாங்கிக்கொண்டு போகிற வழக்கம் உண்டு. நல்ல காரியம்தான், ஆனால் சோதிக்காமல் எடுக்க வேண்டாம். மலையின் ஈரக் காற்றில் வருடக்கணக்கில் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியின் சில்லு வெளியே முழுதாகத் தெரியும். சில்லில் உள்ள பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ஈரத்தால் உள்ளே சிதைந்திருந்தால் சுமை ஏறியதும் மாவாக உதிரும். பையின் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்தாலும் காரணம் அதே ஈரம்தான். பயணத்துக்கு ஒரு கிழமை முன்பே 20 கிலோ அரிசியை உள்ளே வைத்து, சிமெந்துத் தரையில் நூறு மீற்றர் இழுத்துப் பாருங்கள்.

முதுகுப் பை படியைப் பற்றிக் கவலைப்படாது. கை இரண்டும் ஓய்வாக இருக்கும், மழையில் குடை பிடிக்கலாம். ஆனால் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நெடுநேரம் சுமப்பது நல்லதல்ல. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 10 கிலோ. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து சுமந்த எவருக்கும் பாரம் கழுத்திலும் முதுகுத் தண்டிலும் எப்படி இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல முதுகுப் பை பாரத்தைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பெலும்பில் வைக்கிறது. அதற்குப் பஞ்சு வைத்த தடித்த இடுப்புப் பட்டி வேண்டும். மலிவான பெரிய பைகளில் இருக்கும் மெல்லிய நாடா பையை ஆடாமல் பிடிக்குமே தவிர பாரம் தாங்காது. மாட்டும்போது எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டியை இடுப்பெலும்பின் மேல் வைத்து முதலில் இறுக்குங்கள். தோள் பட்டி அதற்குப் பிறகு, நெஞ்சுப் பட்டி கடைசி. கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். வெளிப்புறத்தில் வைத்தால் பை பின்னால் இழுக்கும், இறக்கத்தில் கால் வழுக்கும். விமானத்தில் பொதியாகப் போடுவதானால் தொங்கும் பட்டிகளையெல்லாம் மடித்துக் கட்டி, ஒரு துணி உறைக்குள் போட்டுக் கொடுங்கள். விமான நிலையத்து ஓடும் பட்டையில் சிக்கிக் கிழிவது பெரும்பாலும் அந்தப் பட்டிகள்தான். பெட்டியைச் சுற்றி நைலோன் கயிறு கட்டுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

சில்லும் தோள் பட்டியும் சேர்ந்த இரட்டைப் பைகள் கடைகளில் உண்டு. சில்லும் இரும்புச் சட்டமும் முதுகில் குத்தும், வெறும் எடையும் அதிகம். நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் வளைகுடா போகிறவருக்கு எங்கள் முடிவு இது: 24 முதல் 26 அங்குலத்துக்குள் துணியால் ஆன இரண்டு சில்லுப் பெட்டி ஒன்று, அதோடு 25 முதல் 30 லீற்றர் முதுகுப் பை ஒன்று. துணிப் பெட்டியைச் சொல்வதற்குக் காரணம் போய்ச் சேரும் அறை. நாலைந்து பேர் இரட்டைத் தட்டுக் கட்டிலில் படுக்கும் அறையில் உங்களுக்குக் கிடைப்பது கட்டிலுக்கடி மட்டுமே. நடுவில் பிளந்து திறக்கும் கடினப் பெட்டிக்குத் தரையில் இரண்டு மடங்கு இடம் வேண்டும். மேல் மூடி மட்டும் திறக்கும் துணிப் பெட்டியைப் பாதி வெளியே இழுத்தே சாமான் எடுக்கலாம், பூட்டி வைத்தால் அலுமாரியாகவும் உதவும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குக் கிடைக்கும் சிறிய அறைக்கும் இதுவே பொருந்தும். ஐரோப்பாவில் படிக்கவோ அடிக்கடி இடம் மாறவோ போகிறவர் 50 லீற்றர் அளவுள்ள முதுகுப் பையை நினைக்கலாம். பாரிஸ் மெட்ரோவில் 14ஆம் இலக்கப் பாதையைத் தவிர மற்றவற்றில் படியேறத் தயாராக இருக்க வேண்டும்.

கிளம்பும் நாளில் பெட்டியைப் பாதி வெறுமையாகப் படியிறக்கி, மீதிச் சாமானை வேறு பைகளில் இறக்கி, ரோட்டோரத்து வீடொன்றில் வைத்து நிரப்புவது தனியாகப் போகிறவருக்குப் பெரிய உதவி. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரையும், பதுளை, பசறை பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் மழையை எதிர்பார்த்தே கட்டுங்கள். தண்ணீர் துணி வழியாக வருவதை விடத் தையல் வழியாகவும் சிப் வழியாகவும்தான் அதிகம் வரும். வெளியே உறை போடுவதோடு உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பையை விரித்து, அதற்குள் உடுப்புகளை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். சிறிய ஏசி பஸ்ஸில் பெரிய பெட்டிக்கு ஓர் இருக்கைக் காசு கேட்கலாம், அதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைப் பையில் கடவுச்சீட்டு, ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவுத் தாள்கள், அவற்றின் பிரதிகள், மருந்தும் அதன் சீட்டும், ஒரு மாற்றுடை. பவர் பேங்க் கைப் பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட் அவர். 100 வாட் அவருக்குள் இருப்பதால் பொதுவாகத் தடையில்லை. சீனிச் சம்பல், ஊறுகாய் போத்தல்கள் கைப் பையில் வந்தால் திரவக் கணக்கில் சேர்ந்து, 100 மில்லிலீற்றருக்கு மேல் என்று குப்பைக்குப் போகும். அவற்றை இரட்டைப் பொலித்தீனில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். வளைகுடாவுக்குக் கசகசாவும் வெற்றிலையும் வேண்டவே வேண்டாம். கசகசா ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவுதியிலும் போதைப்பொருள் கணக்கில் வரும். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொண்டே போங்கள், விமானத்துக்குள்ளும் குளிரும்.

போய் இறங்கியதும் பொதி வரும் இடத்திலேயே சில்லு, கைபிடி, சிப் மூன்றையும் பாருங்கள். உடைந்திருந்தால் சுங்கத்தைத் தாண்டி வெளியே போகுமுன் விமான நிறுவனத்தின் பொதி மேசையில் எழுத்தில் முறையிட்டு, பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்குப் போன பிறகுதான் கண்டீர்கள் என்றால், பொதி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத வேண்டும். அதுவரை பொதிச் சீட்டையும் போர்டிங் அட்டையையும் வீசிவிடாதீர்கள்.