கரிசாலைத் தைலம்: பதம் தப்பாமல் காய்ச்சும் முறை

தலைக்குத் தேய்க்கும் கரிசலாங்கண்ணி (கரிசாலை) தைலம் வீட்டில் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். ஒன்று, செடி மாறிப்போவது. மற்றொன்று, எண்ணெயில் ஈரம் தங்கிவிடுவது.

முதலில் செடி. வெள்ளைக் கரிசாலை வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும். இலைகள் எதிரெதிராக இருக்கும், தொட்டால் சொரசொரக்கும். பூ சட்டைப் பொத்தானை விடச் சிறியது, நடுப்பகுதியும் வெள்ளைதான். இதோடு குழப்பிக்கொள்ளப்படுவது வெட்டுக்காயப் பூண்டு. அதன் பூவுக்கு நடுவில் மஞ்சள் இருக்கும், நீண்ட காம்பில் ஒற்றையாக நிற்கும், விதை பஞ்சோடு பறக்கும். சந்தேகமிருந்தால் தண்டைக் கிள்ளி விரலில் நசுக்குங்கள். கரிசாலைச் சாறு முதலில் பச்சையாக இருக்கும், சில நிமிடங்களில் விரலில் கறுத்துவிடும். கறுக்கவில்லையென்றால் அந்தச் செடி வேண்டாம். பூங்காக்களில் தரையை மூடிப் படரும், மூன்று மடலாகப் பிரிந்த பளபளப்பான இலையுள்ள மஞ்சள் பூச்செடியையும் சிலர் மஞ்சள் கரிசாலை என்று கொண்டுவருகிறார்கள். அது வேறு செடி.

சாக்கடை ஓரத்திலும் மருந்தடித்த வயலிலும் பறிக்கக் கூடாது. பனி காய்ந்த பிறகு, பூக்கத் தொடங்கிய செடிகளைத் தரைக்கு இரண்டு விரல் மேலே அறுத்தால் மறுபடி தழைக்கும். நாலில் ஒரு பங்கையாவது விதைக்கு விட்டுவிடுங்கள்.

அளவு: நல்லெண்ணெய் அரை லிட்டர், கரிசாலைச் சாறு ஒரு லிட்டர், அதிமதுரம் 30 கிராம், நெல்லிமுள்ளி (உலர்ந்த நெல்லிக்காய்) 30 கிராம். வைத்திய நூல்களின் பொது அளவில் திரவம் எண்ணெயைப் போல் நான்கு மடங்கு. வீட்டு அடுப்பில் இரண்டு மடங்கே போதும், அதற்கு மேல் போனால் அடிப்பிடிக்கும் வாய்ப்புதான் கூடும்.

இலையையும் இளந்தண்டையும் மண் போக மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் நீர் வடிய விடுங்கள். இடிக்கும்போது தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். துணியில் பிழிந்த சாற்றை உடனே பயன்படுத்துங்கள், வைத்திருந்தால் புளித்துவிடும். அதிமதுரத்தையும் நெல்லிமுள்ளியையும் அதே சாற்றில் கொஞ்சம் விட்டு விழுதாக அரையுங்கள். இதுதான் கற்கம்.

அடிகனமான, வாயகன்ற பாத்திரம் எடுங்கள். எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, ஏனென்றால் நுரைத்துப் பொங்கும். எண்ணெய் ஆறியிருக்கும்போதே சாற்றையும் கற்கத்தையும் கலந்து அடுப்பேற்றுங்கள். சூடான எண்ணெயில் சாற்றை ஊற்றினால் தெறித்து முகத்தில் படும். தீ, வைத்தியர்கள் தீபாக்கினி என்னும் விளக்குச் சுடர் அளவு இருக்கட்டும். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

சாற்றில் நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. நீர் வற்றியதும் மளமளவென்று ஏறும். பெரும்பாலான தைலங்கள் கருகுவது இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான், அப்போது அடுப்பை விட்டு நகராதீர்கள்.

வண்டலைப் பார்த்துப் பதம் அறிவார்கள். முதலில் சேறு போலக் கரண்டியில் அப்பும். பிறகு மெழுகுப் பதம் வரும்: கொஞ்சம் எடுத்து, ஆறவிட்டு, இரு விரலிடையே உருட்டினால் ஒட்டாமல் திரியாகத் திரளும். அதைத் தாண்டினால் மணல் போல் உதிரும். மெழுகுப் பதம் முற்றி மணல் பதம் தொடங்கும் இடத்தில் இறக்கினால் தலைத் தைலத்துக்குச் சரியாக இருக்கும். உருட்டிய திரியை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். சடசடவென்று வெடித்தால் ஈரம் மிச்சம், இன்னும் காய்ச்ச வேண்டும். சத்தமில்லாமல் எரிந்தால் உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள், மீதிச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் முறுகும். தீய்ந்த வாடை வந்துவிட்டால் அந்தத் தைலத்தை மீட்க வழியில்லை.

வெதுவெதுப்பாக இருக்கும்போது நன்கு உலர்ந்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். தானாக வடிந்ததைத் தனியாகவும், வண்டலைப் பிழிந்து வந்ததைத் தனியாகவும் வையுங்கள். பிழிந்ததில் கசடு இருக்கும், அந்தத் தைலத்தை முதலில் பயன்படுத்தித் தீர்த்துவிட வேண்டும். வடிந்ததை மூன்று நாள் அசையாமல் வைத்து, தெளிவை மட்டும் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றித் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. சிக்கு வாடை அடித்தாலோ பூஞ்சை படர்ந்தாலோ கொட்டிவிடுங்கள், மறுபடி காய்ச்சிச் சரிசெய்ய முடியாது.

முதன்முறை தேய்ப்பவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்க்கட்டும். அரிப்போ சிவப்போ வந்தால் தலையில் வைக்க வேண்டாம். புண் உள்ள தலைக்கும் கைக்குழந்தைக்கும் வைத்தியரைக் கேட்காமல் கூடாது. இது மேற்பூச்சுக்கு மட்டுமே, உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. வழுக்கையில் முடி முளைக்கும் என்ற விளம்பரப் பேச்சை நம்பிக் காய்ச்ச வேண்டாம். திடீரென்று வட்ட வட்டமாக முடி கொட்டினால் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.