அமெரிக்காவில் புது கார்: ஸ்டிக்கர் விலைக்கு மேல் பணம் போகும் வழிகள்

டீலர் வளாகத்தில் நிற்கும் எந்தப் புது காரின் கண்ணாடியிலும் ஒரு விலைச் சீட்டு இருக்கும். 1958-இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி உற்பத்தி நிறுவனம் ஒட்டுவது அது. சட்டத்தைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால் மன்ரோனி ஸ்டிக்கர் என்பார்கள். அடிப்படை விலை, தொழிற்சாலையிலேயே பொருத்திய ஆப்ஷன்கள், காரை டீலர் வரை கொண்டுவந்த டெஸ்டினேஷன் சார்ஜ், எல்லாம் சேர்ந்த மொத்தம் ஆகியவை அதில் இருக்கும். கார் வாங்குபவர் கைக்கு வரும் முன் அதைக் கிழிப்பது குற்றம்.

அதன் பக்கத்திலேயே இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தால், அது டீலர் அச்சடித்தது. பல இடங்களில் அதே அளவு, அதே எழுத்து, அதே நிறத்தில் அச்சடித்திருப்பார்கள். இரண்டையும் ஒரே விலைப் பட்டியலாகப் படிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இரண்டாவது சீட்டில் ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒரு தொகை எழுதியிருக்கலாம். அந்தத் தொகைக்குப் பதிலாக ஒரு திருகாணிகூட உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்காது. ஸ்டிக்கரில் உள்ள எம்எஸ்ஆர்பி உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலை மட்டுமே என்பதால், அதற்கு மேல் கேட்க டீலருக்குத் தடையில்லை. மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கும் தடையில்லை. 2021, 2022-இல் சிப் தட்டுப்பாட்டால் கார்களே இல்லாதபோது இந்தத் தொகை பல மாடல்களிலும் ஏறியது. வளாகம் நிறைய அதே மாடல் நிற்கும்போதும் அந்தத் தொகை இருந்தால், பழக்கத்தில் கேட்டுப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

மாதத் தவணையில் பேரம் பேசுவது

இருப்பதிலேயே அதிகப் பணத்தைத் தின்னும் தவறு இது. உட்கார்ந்ததும் சேல்ஸ்மேன் கேட்கும் கேள்வி, “மாசம் எவ்வளவு கட்ட முடியும்?” நீங்கள் 500 டாலர் என்று சொன்ன நிமிடமே காரின் விலை, பழைய காரின் மதிப்பு, வட்டி, கால அளவு ஆகிய நான்கையும் அவர் விருப்பம்போல் நகர்த்தி அந்த 500-க்குள் அடைத்துவிடலாம். எதில் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 30,000 டாலர் கடன், 72 மாதம், வட்டி 6 சதவீதம் என்றால் தவணை சுமார் 497 டாலர். அதே கடன் 8 சதவீதத்தில் சுமார் 526 டாலர். மாதத்துக்கு 29 டாலர்தானே என்று தோன்றும். 72 மாதத்தில் அது 2,070 டாலரைத் தாண்டுகிறது. பெயின்ட், சீட் துணிப் பூச்சு போன்று டீலர் சேர்க்கும் கூடுதல் பொருட்களுக்கும் இதே கதைதான். 2,000 டாலர் ‘புரொடெக்‌ஷன் பேக்கேஜ்’ ஒன்றை 8 சதவீதக் கடனில் சேர்த்தால் மாதம் 35 டாலர், முடிவில் 2,500-க்கு மேல். “ஒரு நாளைக்கு ஒரு டாலர் சொச்சம்தான் சார்” என்று சொல்ல வசதியாக இருப்பதால்தான் அவர்கள் மாதக் கணக்கை விடமாட்டார்கள். தவணை அதிகம் என்று நீங்கள் முகம் சுளித்தால் 72 மாதம் 84 ஆகும். தவணை குறையும், விலை அப்படியே இருக்கும், வட்டி கூடும்.

இதற்கு மாற்று ஒன்றுதான். வரி, பதிவு, எல்லாக் கட்டணமும் சேர்த்து காரை வெளியே ஓட்டிக்கொண்டு போக மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். இங்கே இதை ‘அவுட் தி டோர்’ விலை என்பார்கள். நேரில் போய்க் கேட்பதைவிட மின்னஞ்சலில் கேட்பது நல்லது. எந்தக் கார் என்பதில் குழப்பம் வராமல் இருக்க அந்தந்த டீலரிடம் ஸ்டாக்கில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட காரின் வின் நம்பரை (ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்) எழுதி, “இந்தக் காருக்கு, என் ஜிப் கோடுக்கு, ஒவ்வொரு கட்டணத்தையும் தனித்தனியே பிரித்த அவுட் தி டோர் விலையை அனுப்புங்கள்” என்று நான்கைந்து டீலர்களுக்கு அனுப்புங்கள். பக்கத்து மாநிலமானாலும் சரி. விற்பனை வரி பொதுவாக நீங்கள் காரைப் பதிவு செய்யும் மாநிலத்துக்கு உரியது, டீலர் இருக்கும் மாநிலத்துக்கு அல்ல. “நேரில் வாங்க, பேசிக்கலாம்” என்று மட்டும் பதில் அனுப்புபவரை விட்டுவிடலாம்.

பழைய காரைக் கொடுப்பதாக இருந்தால், புது காரின் விலை எழுத்தில் வரும்வரை அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஒன்றில் 1,000 டாலர் குறைத்து மற்றொன்றில் அதையே பிடித்துக்கொள்வது எளிது. வெளியே இரண்டு இடங்களில் பழைய காருக்கு விலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல மாநிலங்களில் டிரேட்-இன், அதாவது டீலரிடமே கொடுக்கும் பழைய காரின் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் வரி. கலிஃபோர்னியாவில் அந்தச் சலுகை இல்லை, முழு விலைக்கும் வரி. சலுகை உள்ள மாநிலத்தில் வெளியே விற்றால் 500 டாலர் கூடக் கிடைக்கும் என்பது வரிக் கணக்கில் நஷ்டமாகவும் முடியலாம்.

ஒரு மாதிரிக் காகிதம்

எம்எஸ்ஆர்பி 34,200. மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் 2,500. புரொடெக்‌ஷன் பேக்கேஜ் 1,495. டயரில் நிரப்பும் நைட்ரஜன் 199. வின் எட்ச்சிங் 299. டாக் ஃபீ 799. எலக்ட்ரானிக் ஃபைலிங் 295. வரிக்கு முன்பே 39,787 டாலர். ஸ்டிக்கர் விலைக்கு மேல் 5,587. கற்பனைக் காகிதம்தான், ஆனால் இப்படிப்பட்ட கட்டணங்கள் உண்மையான காகிதங்களில் சாதாரணமாக வருபவை.

இதைப் படிக்கும் முறை எளிது. மாநில அரசுக்குப் போகும் வரி, டைட்டில் (உரிமைப் பத்திரம்), பதிவு, நம்பர் பிளேட் கட்டணங்கள் பேரத்துக்கு அப்பாற்பட்டவை. மற்ற எல்லாமே டீலருக்குப் போகும் பணம். டாக் ஃபீ என்பது காகித வேலைக்கு டீலர் எடுத்துக்கொள்ளும் கூலி. கலிஃபோர்னியாவில் அதற்கு 85 டாலர், நியூயார்க்கில் 175 டாலர் என உச்சவரம்பு உண்டு. ஃபுளோரிடாவில் உச்சவரம்பே இல்லை. “எல்லாரிடமும் ஒரே மாதிரி வாங்கணும், எடுக்க முடியாது” என்பார்கள். அந்த வாதத்தில் நேரத்தை வீணாக்காமல், அந்த 799-ஐக் காரின் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் குறைந்தால் என்ன, மொத்தம் குறைந்தால் போதும்.

“ஏற்கெனவே பொருத்தியாச்சு”

நைட்ரஜன்: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் டயரிலிருந்து சற்று மெதுவாகக் கசியும் என்பது உண்மை. ஆனால் டயர் அழுத்தத்தை மாதம் ஒருமுறை பார்ப்பவருக்கு அதனால் பயனில்லை. அடுத்த முறை பெட்ரோல் பங்க்கில் சாதாரணக் காற்றை அடித்ததும் அந்தச் சுத்தமும் போய்விடும்.

வின் எட்ச்சிங் என்பது காரின் அடையாள எண்ணைக் கண்ணாடியில் பொறிப்பது. திருடனுக்குக் கண்ணாடியை விற்பது கடினமாகும் என்பது யோசனை. அதற்கான கிட் 20, 30 டாலருக்கே கிடைக்கிறது. பெயின்ட் சீலன்ட், சீட் துணிக்கான பாதுகாப்பு என்று வருபவை பெரும்பாலும் ஒரு தெளிப்பான் வேலை. புது காரின் பெயின்ட்மேல் தொழிற்சாலையிலேயே பூசிய கிளியர் கோட் என்ற பாதுகாப்புப் படலம் இருக்கிறது. செராமிக் கோட்டிங் வேண்டுமென்றால், தேய்த்துச் சுத்தம் செய்து முறையாகப் பூசும் தனிக் கடையிடம் கொடுப்பதே மேல்.

இவற்றில் அதிகம் எச்சரிக்க வேண்டியது அண்டர்கோட்டிங், அதாவது காரின் அடிப்பாகத்தில் அடிக்கும் துருத்தடுப்புப் பூச்சு. இன்றைய கார்களுக்குத் துருப்பிடித்து ஓட்டை விழுவதற்கு எதிரான உற்பத்தியாளர் வாரண்டி பல ஆண்டுகளுக்கு உண்டு. அவசரமாக அடித்த கோட்டிங் கதவின் அடியிலும் அடிச்சட்டத்திலும் உள்ள வடிகால் துளைகளை அடைத்தால், தண்ணீர் உள்ளேயே தேங்கி, தடுக்க வந்த துருவையே வரவழைக்கும்.

“இது எங்கள் எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே இருக்கு, கழற்ற முடியாது” என்று சொன்னால், சரி, கழற்ற வேண்டாம், விலையைக் கழற்றுங்கள் என்று சொல்லலாம். மறுத்தால் இன்னும் வந்துசேராத காரைக் கேளுங்கள். கப்பலிலோ லாரியிலோ இருக்கும் காரில் டீலர் எதையும் பொருத்தியிருக்க முடியாது. முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: முடிவான விலை, டீலர் எதையும் கூடுதலாகப் பொருத்த மாட்டார் என்பது, முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பது. இவை இல்லாமல் 1,000 டாலர் கட்டிவிட்டுக் காத்திருந்தவருக்குக் கார் வந்த நாளில் புது விலை சொல்வது நடக்கக்கூடியதுதான்.

ஃபைனான்ஸ் அறை

விலை முடிந்ததும், கை கொடுத்ததும், கவனம் தளரும். அதற்குப் பிறகுதான் உங்களை இன்னோர் அறைக்கு அழைத்துப் போவார்கள். டீலரின் லாபத்தில் கணிசமான பங்கு அங்கேதான்.

முதலில் வட்டி. வங்கி உங்களுக்கு 6 சதவீதம் என்று ஒப்புக்கொண்டதை டீலர் 8 என்று எழுதி, அந்த வித்தியாசத்தில் பங்கு எடுத்துக்கொள்ளலாம். இது சட்டத்துக்கு உட்பட்டதே. தடுக்க ஒரே வழி, போகும் முன்பே ஒரு கிரெடிட் யூனியனிலோ (உறுப்பினர்களின் கூட்டுறவுக் கடன் சங்கம்) வங்கியிலோ கடன் ஒப்புதல் வாங்கி வைத்திருப்பது. கிரெடிட் ஸ்கோர் குறையும் என்று பயந்து ஒரே இடத்தில் மட்டும் கேட்பது இன்னொரு தவறு. கார் கடனுக்காக 14 நாளுக்குள் எத்தனை இடத்தில் விசாரித்தாலும் ஃபைகோ என்ற கிரெடிட் ஸ்கோர் கணக்கில் அது ஒரே விசாரணை. லீஸ் எடுப்பவருக்கு வட்டியைச் சொல்லாமல் ‘மனி ஃபாக்டர்’ என்று 0.0025 போல ஓர் எண்ணைக் காட்டுவார்கள். அதை 2,400-ஆல் பெருக்குங்கள். 6 சதவீதம்.

கேப் என்பது கார் முற்றிலும் சேதமானால் இன்சூரன்ஸ் தரும் தொகைக்கும் பாக்கிக் கடனுக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டுவது. முன்பணம் குறைவாகப் போட்டு நீண்ட காலக் கடன் எடுப்பவருக்கு அது பயனுள்ளதுதான். ஆனால் பல இன்சூரன்ஸ் நிறுவனங்களும் கிரெடிட் யூனியன்களும் டீலரைவிடக் குறைந்த விலைக்குத் தருகின்றன. எக்ஸ்டெண்டட் வாரண்டியை இன்றே முடிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. தொழிற்சாலை வாரண்டி முடியும் முன் பின்னாலும் வாங்கலாம், அதன் விலையும் பேரத்துக்கு உட்பட்டதே. சர்வீஸ் எங்களிடமே செய்யாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று சொல்லி மெயின்டனன்ஸ் பிளான் விற்றால் நம்ப வேண்டாம். 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டம் அப்படி நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. வெளியில் செய்த சர்வீஸின் ரசீதுகளை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

புதிதாக வந்து கிரெடிட் ஹிஸ்டரி இல்லாதவர்கள் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “கேப் எடுத்தால்தான் பேங்க் லோன் பாஸ் பண்ணும்.” அது உண்மையில் கடனுக்கான நிபந்தனை என்றால், அதன் விலையை ஏபிஆர் (கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம்) கணக்கிலேயே சேர்த்துக் காட்டியாக வேண்டும். நிபந்தனை என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே நிபந்தனை கரைந்துவிடும்.

கையெழுத்துக்கு முன் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம், ஒப்பந்தத்தில் கடன் தொகையைப் பிரித்துக் காட்டும் பகுதி. மின்னஞ்சலில் வந்த அவுட் தி டோர் விலையைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். திரையில் கையெழுத்து வாங்கினால், மேலே நகர்த்தி முழுவதையும் காட்டச் சொல்லுங்கள். கடன் உறுதியாகும் முன் “காரை எடுத்துட்டுப் போங்க, மத்ததைப் பிறகு பார்க்கலாம்” என்றால் எடுக்காதீர்கள். பத்து நாள் கழித்து அந்தக் கடன் கிடைக்கவில்லை என்று திரும்ப அழைத்துக் கூடுதல் வட்டியில் கையெழுத்து கேட்பதற்கு அதுதான் வாசல்.

மூன்று நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பது தவறான நம்பிக்கை. மத்திய அரசின் மூன்று நாள் ரத்து விதி டீலர் இடத்தில் வாங்கிய காருக்குப் பொருந்தாது. டீலர்களின் மறைமுகக் கட்டணங்களைத் தடுக்க எஃப்டிசி (மத்திய வர்த்தக ஆணையம்) 2023 டிசம்பரில் அறிவித்த புது விதியையும் 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

எக்ஸ்டெண்டட் வாரண்டி, கேப் இரண்டையும் மட்டும் வாங்கிய பிறகும் பொதுவாக ரத்து செய்யலாம். ஒப்பந்தத்தில் ரத்துப் பிரிவைத் தேடி, அதில் சொல்லும் படிவத்தை ஓடோமீட்டர் கணக்குடன் எழுத்து மூலம் அனுப்புங்கள். ஆரம்பத்தில் உள்ள குறுகிய அவகாசத்துக்குள் என்றால் பெரும்பாலும் முழுத் தொகை, பிறகு என்றால் பயன்படுத்திய காலத்தைக் கழித்த மீதி. கடனில் வாங்கியிருந்தால் பணம் நேரே கடன் கொடுத்தவருக்குப் போகும். மாதத் தவணை மாறாது, கடன் சில மாதம் முன்னதாக முடியும். அடுத்த இரண்டு ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தொகை கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் டீலரை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் நிர்வாகி என்று அச்சிட்டிருக்கும் நிறுவனத்துக்கே எழுதுங்கள்.