ட்ரிகர் அடிக்கிறது, படத்தில் மின்னல் இல்லை: சரிசெய்த விதம்

மின்னலின் ஒளியை உணர்ந்து கேமராவைத் தானாக இயக்கும் சென்சார் ட்ரிகர் ஒவ்வொரு மின்னலுக்கும் ஷட்டரைத் தட்டியது. படத்தில் வெறும் மேகம்தான். கோளாறு ட்ரிகரில் இல்லை, கேமராவின் தாமதத்தில். ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தது, ஒளியை அளக்கும் மீட்டர் தூங்கிப்போயிருந்தது. தூரத்து விளக்கைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் மேனுவலுக்கு மாற்றி, மீட்டர் அணையாதபடி நேரத்தை நீட்டினேன்.

அடுத்தது ஷட்டர் வேகம். ஒரு மின்னல் என்பது பெரும்பாலும் அடுத்தடுத்துப் பாயும் 3, 4 வீச்சுகள். இடைவெளி பத்துக்கணக்கான மில்லி விநாடிகள். கேமரா விழிப்பதற்குள் முதல் வீச்சு முடிந்துவிடலாம். கிளை பிரியும் அழகு பெரும்பாலும் அதில்தான், அதனால் தாமதத்தில் ஒவ்வொரு மில்லி விநாடியும் முக்கியம். 1/200 விநாடியில் பின்வரும் வீச்சுகளும் நழுவும். ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/4 விநாடி வைத்ததும் கோடு விழுந்தது. பகல் வெளிச்சம் மிகுந்தால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர்.

மின்னல் இல்லாமலே ட்ரிகர் சும்மா அடித்தால் அதன் சென்சிடிவிட்டியைக் குறையுங்கள். மினுக்கும் எல்இடி விளக்கும் அதை ஏமாற்றும். இடி கேட்டால் கேமராவை மட்டும் வெளியே விட்டு நீங்கள் உள்ளே வந்துவிடுங்கள்.